வாசித்துக் காட்டப்பட்டது

ஒருவரைப் பற்றி நாலு பேருக்கு முன்னால் ஏதாவது சொல்வதாக இருந்தால், அதை முதலில் அவர் காதில் போட வேண்டும் என்பது கோர்ட்டக்காவின் கட்சி. ஆகவே இதை எழுதி முடித்ததும் ஓசூருக்குப் போன் போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டினேன். இப்போது அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். நடுவில் இரண்டு முறை குக்கர் விசில் அடித்தது. இரண்டு முறையும் "இருங்க தம்பி, அந்த எடம் கேக்கல, திரும்ப வாசிங்க" என்றார். நான் அசிங்கப்பட்ட இடங்களாகப் பார்த்துத்தான் அந்தக் குக்கரும் விசிலடித்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. எம் பேரை மட்டும் எடுத்துருங்க. ஒங்களைப் பத்தி எழுதுனதுதான் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றார். பேரை எடுத்துவிட்டேன். மற்றதைக் கூட்டியிருக்கிறேன்.

திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் கோர்ட்டக்கா. கோர்ட்டில் வேலை பார்த்தார், ஆனால் வக்கீலும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை. வழக்கில் எதிராளிக்குப் போக வேண்டிய சம்மனையும் நோட்டீஸையும் ஊர் ஊராகக் கொண்டுபோய், அந்த ஆளைக் கண்டுபிடித்து, கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருகிற வேலை. ஐந்தடிக்கும் இரண்டு அங்குலம் குறைவான உயரம். ஒரு பழைய மொபெட். அதன் முன்கூடையில் தண்ணீர் பாட்டில், குடை, ஒரு பசை டப்பா. ஆள் வீட்டில் இல்லாவிட்டாலோ, இருந்துகொண்டே இல்லை என்று சொன்னாலோ, சாட்சி வைத்துக்கொண்டு நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டு வர வேண்டும். பசை அதற்கு.

காகிதத்தைக் கொடுத்தோம், கையெழுத்தை வாங்கினோம் என்று வருகிற ஆள் இல்லை அவர். வாசித்துக் காட்டுவார். எதிரே நிற்பவர் எம்.ஏ. படித்திருந்தாலும் சரி, கைநாட்டாக இருந்தாலும் சரி, முழுதும் வாசித்து, கோர்ட்டுத் தமிழை வீட்டுத் தமிழாக்கிச் சொல்லிவிட்டுத்தான் பேனாவை நீட்டுவார். "கையில கொடுத்தா மட்டும் போதாது தம்பி, காதுல விழுகணும். தனக்குத் தெரியாமயே தன் மேல ஒரு கேசு நடக்குதுன்னா அதை விடக் கேவலம் ஒரு மனுசனுக்கு என்ன இருக்கு?" என்பார்.

நார்த்தாமலைப் பக்கம் வரப்புத் தகராறு ஒன்றில் எதிராளி, இவருடைய மொபெட் சத்தம் கேட்டாலே புளியமரத்தில் ஏறிவிடுவாராம். மூன்று முறை ஏறினார். நாலாவது முறை அக்கா அந்த மரத்தடியிலேயே நின்று, அண்ணாந்து பார்த்து, நோட்டீஸை ஒரு எழுத்து விடாமல் வாசித்திருக்கிறார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்று கிளைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கேக்கலைன்னு சொல்ற அளவுக்குக் கேட்டுருக்குல்ல. எறங்கி வாங்கண்ணே, முசுறு எறும்பு கடிக்கப் போகுது."

இறங்கி வந்து கையெழுத்துப் போட்டாராம். இந்தக் கதையை அக்கா சொல்லக் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். வீடு தேடி வந்த காகிதத்துக்குப் பயந்து மரமேறுகிற பிறவியும் உண்டா என்று கேட்டேன். அப்படிச் சிரித்தவன்தான் நான் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

இனி என்னைப் பற்றி. நான் குவைத்தில் பதினோரு வருடம் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்தவன். ஹெல்மெட் போடாதவனையும் பெல்ட் மாட்டாதவனையும் கண்டுபிடித்து நோட்டில் எழுதுவது வேலை. என் விசில் சத்தம் கேட்டால் ஐந்நூறு பேர் நிற்பார்கள். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, நான் சொன்னால் நிற்பதற்கு ஒரு கோழிகூட இல்லை. சிலிண்டருக்கு இரண்டடி தள்ளி நின்று சமைக்கும்படி மனைவியிடம் சொன்னேன். "கை எட்டுற மாதிரி நீங்களே நின்னு சமைங்க" என்று கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

அந்த நிலையில்தான் எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். நூற்றுப் பத்துப் பேர். நான் ஒருவனே அட்மின். பதினான்கு விதிகள் எழுதி எண் போட்டேன். விதி மூன்று, காலை வணக்கம் கூடாது. ரோஜாப்பூ படம் போட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை இரண்டு எச்சரிக்கைக்குப் பிறகு நீக்கினேன். அவர் எனக்கு ஆறாம் வகுப்பு எடுத்தவர். விதி ஏழு, தனிநபர் தாக்குதல் கூடாது. இந்த ஏழாம் விதி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் எதை வேண்டுமானாலும் அதற்குள் அடைக்கலாம். காலையில் பல் துலக்குவதற்கு முன் முந்தின இரவு யார் என்ன பேசினார்கள் என்று பார்த்து, நீக்க வேண்டியதை நீக்கிய பிறகுதான் எனக்குக் காபி இறங்கும்.

கோர்ட்டக்கா அந்தக் குழுவில் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் எழுதுவார். எழுதினால் இப்படி இருக்கும்: "முக்கு வீட்டுக்காரர் குப்பையைக் காலி மனையில் கொட்டுகிறார். சம்பந்தப்பட்டவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது. காலை 7.10. அவர் சொன்னது: குப்பை வண்டி நாலு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. அதுவும் உண்மை."

எனக்கு இதைப் படித்தால் எரிச்சல் வரும். இது புகாரா, சிபாரிசா? எந்த விதியில் சேர்ப்பது? எதற்குள்ளும் அடங்காது. ஏன் இவ்வளவு குறைவாக எழுதுகிறார் என்று ஒருமுறை கேட்டேன்.

"எழுதுறது பத்து எழுதுவேன் தம்பி. போடுறது ரெண்டு. மிச்ச எட்டும் வாசிச்சுக் காட்டுறப்பவே தீந்து போயிருதே."

உண்மைதான். மாடி வீட்டுப் பெரியவர் விடியற்காலையில் டிவியை அலறவிடுகிறார் என்று ஒருநாள் எழுதி எடுத்துக்கொண்டு போனார். வாசிக்க வாசிக்கப் பெரியவர் "ஆங்? ஆங்?" என்றிருக்கிறார். பாதியிலேயே காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அந்த வாரமே அவரைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். குழுவுக்கு அந்தப் புகார் வரவே இல்லை.

ஆனால் இந்தக் குணத்தோடு ஒருவர் பக்கத்தில் குடியிருப்பது லேசான காரியம் இல்லை. அவர் கையில் மடித்த காகிதத்தோடு வருவதைக் கண்டால் தெருவில் வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். சொந்தத் தம்பி மகள் நிச்சயதார்த்தத்தில், சாம்பாரில் உப்பில்லை என்று பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் இலையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருக்க, இவர் பாதியில் எழுந்து கையைக் கழுவிவிட்டு நேரே சமையல்காரரிடம் போய், "ஒங்க சாம்பாரைப் பத்தி அங்கிட்டு இப்படிப் பேசிக்கிறாங்கண்ணே" என்றிருக்கிறார். சமையல்காரர் கோபித்துக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டார். அவரைச் சமாதானம் செய்வதற்குள் பாயசம் அடிப்பிடித்துவிட்டது. தம்பி மனைவி அதன் பிறகு இவருடன் ஆறு மாதம் பேசவில்லை. அதையும் அக்காவே சிரித்துக்கொண்டு சொல்வார்.

என் முறை ஐப்பசி மழையில் வந்தது. குவைத் பணத்தில் நான் வாங்கிய கார் வீட்டுக்குள் ஏறுவதற்காக, வாசலில் சாக்கடையை மூடிச் சிமெண்ட் சறுக்கு ஒன்று போட்டிருந்தேன். அடியில் தண்ணீர் போக ஒரு குழாய். அந்தக் குழாயின் அளவு சின்னது என்று கொத்தனார் சொன்னார். பதினோரு வருடம் சேஃப்டி பார்த்தவனுக்குக் கொத்தனார் சொல்லவா என்று இருந்துவிட்டேன். மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் மேற்கே நாலு வீட்டு வாசலில் முழங்கால் அளவு நின்றது.

காலை ஆறரை மணி. நான் குளியலறையில் வாய் நிறையப் பற்பசை நுரையோடு நிற்கிறேன். மொபெட் சத்தம் கேட்டது. கதவிடுக்கு வழியாக மனைவியைப் பார்த்து, இல்லை என்று சொல், இல்லை என்று சொல் என்று கையை ஆட்டினேன்.

"தம்பி இருக்காரா?"

"அவங்க வெளியூரு போயிருக்காங்கக்கா." பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். குரல் அவளையே காட்டிக்கொடுத்தது.

"உள்ள யாரோ பல்லு வெளக்குறாங்க?"

"அது கொழாய்க்கா."

சரி என்று காகிதத்தைப் பிரித்து அங்கேயே நின்று உரக்க வாசிக்கத் தொடங்கினார். நான் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். வாளி நிறைந்து வழிந்தது. "தண்ணி வீணாப் போகுது பாரும்மா. கொழாயை அடைச்சிட்டு நிதானமாக் கேக்கச் சொல்லு" என்றார் அக்கா. நான் அடைக்கவில்லை. வாசித்து முடித்து, பசை டப்பாவைத் திறந்து, என் தேக்குக் கதவில் நடுவாக ஒட்டிவிட்டுப் போனார். தலை துவட்டிக்கொண்டு நான் வெளியே வருவதற்குள் குழுவில் வந்துவிட்டது. சறுக்கைப் பற்றி நாலு வரி. கீழே, "வீட்டில் இல்லை என்று குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் சொல்லப்பட்டது. கதவில் ஒட்டப்பட்டது. காலை 6.50."

சிரிப்பு முகங்கள் இருபத்து மூன்று விழுந்தன. எண்ணினேன். விதி ஏழு என்று அறிவித்து, அந்தச் செய்தியை அழித்து, அக்காவைக் குழுவிலிருந்து நீக்கினேன். நார்த்தாமலைக்காரருக்குப் புளியமரம் இருந்தது. எனக்கு அட்மின் பதவி இருந்தது.

மறுநாள் காய்கறி வண்டியடியில் எதிர்ப்பட்டார். கீரைக்கட்டைப் புரட்டிப் பார்த்தபடியே, "என்னைத் தூக்கிட்டீங்க போல. தூக்குனது தப்பில்ல தம்பி, நேர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தூக்கியிருக்கலாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதற்குப் பதில் சொல்லும் விதி ஒன்றும் என்னிடம் இல்லாததால் வெண்டைக்காய் விலையைக் கேட்டேன்.

தெருவில் என் பேர் கெட்டுவிட்டது. டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, "அட்மின் வாராரு, அழிச்சிருவாரு" என்றார்கள். மாவு மில்காரர் சர்வாதிகாரி என்றே சொல்லிவிட்டார். உள்ளே மிகவும் சுட்டது. நான் அப்படிப்பட்டவன் இல்லை, எல்லோரையும் பேசவிடுகிறவன்தான் என்று காட்டுவதற்கு ஒரு சந்தர்ப்பம் வாய்க்காதா என்று இருந்தேன். எட்டே நாளில் வாய்த்தது.

ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி இருக்கும். காபி டம்ளரோடு ஜன்னலோரம் உட்கார்ந்து குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ எதையோ கூவி விற்றுக்கொண்டிருந்தார்கள். உள்ளே மனைவி மிக்சியை ஓடவிட்டிருந்தாள். இரண்டு சத்தத்துக்கும் நடுவே படிக்க முடியாமல் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் மாவு மில்காரர் ஒரு படம் போட்டார். கைலி கட்டிய ஒரு ஆள், பக்கவாட்டில் தெரிகிறார். சைக்கிள் கேரியரில் சாக்கு மூட்டை. நீட்டிய கையில் சிவப்பு பலூன். அதை வாங்கப் போகிற ஒரு சின்னப் பெண். கீழே, "உஷார்! பலூன் காட்டிப் பிள்ளை பிடிக்கிறவன். இப்போது நம் தெருவில்தான் இருக்கிறான்."

அழிக்கலாமா என்று விரல் போனது. அப்போதுதான் எனக்குக் கருத்துச் சுதந்திரம் என்று ஒன்று உலகத்தில் இருப்பது ஞாபகம் வந்தது. மில்காரர் பேச்சையே அழித்தால் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியுமா? என் பதினான்கு விதிகளையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் குழுவில் இருப்பவர்கள் மனம் நோகாமல் காப்பவை. குழுவில் இல்லாத ஒரு மனிதனுக்காக நான் ஒரு விதியும் எழுதியிருக்கவில்லை. அத்தோடு இது பாதுகாப்பு விஷயம், என் சொந்தத் தொழில். எனவே அழிக்கவில்லை. அழிக்காததோடு நின்றேனா? அந்தப் படத்தை எல்லோருக்கும் மேலே தெரியும்படி 'பின்' செய்து வைத்தேன். அடியில் எழுதினேன்: "உறுதியாகத் தெரியவில்லை. இருந்தாலும் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. இவண், அட்மின்."

எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்து, நடுநிலை என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்துத் தெருக் குழுக்கள் இரண்டுக்கும் அனுப்பினேன்.

மிக்சி நின்றது. மனைவி கையில் போனோடு வந்தாள். "ஏங்க, இது நம்ம முடிக்காரருங்க."

"எந்த முடிக்காரரு?"

"தலை வாருறப்ப விழுகுற முடியைச் சேத்து வெச்சுக் கொடுப்போம்ல. எடை போட்டு எவர்சில்வர் சாமான் கொடுப்பாரு, புள்ளைங்க கொண்டுபோனா பலூனு. வருசக்கணக்கா வாராரு. ஒங்க கையில இருக்கே, அந்த டம்ளரு அவரு கொடுத்ததுதான்."

டம்ளரைப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் காபி மிச்சம் இருந்தது. அப்போதாவது புத்தி வந்ததா? "படத்துல மொகம் சரியாத் தெரியல. அவசரப்படாத. விசாரிச்சு ஒரு அறிக்கை போடுறேன்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய் யாருக்கோ போன் செய்தாள். "அக்கா, முடிக்காரரு கோயில் பக்கம்தான் போயிருப்பாரு, கொஞ்சம் ஓடுங்கக்கா" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. நான் அறிக்கையின் முதல் வரியைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

கோயில் பக்கம் நடந்தது பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. இருபது பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பேர் முடிக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார்கள். மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டியதில் தெருவெல்லாம் முடி. பலூன்கள் காலடியில் வெடித்துக் கிடந்தன. ஒருவர் கையை ஓங்கிய நேரத்தில் அக்காவின் மொபெட் நடுவில் போய் நின்றிருக்கிறது.

"இவரைப் பத்தி எழுதியிருக்கீங்களே, இவருக்கு வாசிச்சுக் காட்டுனீங்களா?"

"புள்ள புடிக்கிறவனுக்கு என்னத்த வாசிச்சுக் காட்டுறது? தள்ளுங்கக்கா அங்கிட்டு."

"கொலை பண்ணுனவனுக்கே வாசிச்சுக் காட்டிட்டுத்தான் கேசை நடத்துறாங்க. கொடு போனை."

வாங்கி, மில்காரர் எழுதியதையும் அதன் அடியில் நான் எழுதியதையும் சத்தமாக வாசித்தார். "இதுக்கு நீங்க என்னண்ணே சொல்றீங்க?" என்று முடிக்காரரைக் கேட்டார். அவருக்கு உதடு அசைந்ததே தவிரக் குரல் வரவில்லை. "பாத்தீங்களா, முழிக்கிறான்" என்று கூட்டம் மறுபடி நெருங்கியது. "சரி, இதை மேல தூக்கி வெச்ச அட்மினு வீட்டுக்கே போவோம், வாங்க" என்று ஒரு கையால் அவர் சைக்கிளையும் மறு கையால் அவர் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு அக்கா நடக்க ஆரம்பித்தார். வேடிக்கை என்று மொத்தக் கூட்டமும் பின்னால் வந்தது.

நான் வாசலுக்கு வந்தபோது அறிக்கையில் 'சமூகப் பொறுப்பு' என்கிற இடம் வரை வந்திருந்தேன். சறுக்கின் மேல் அக்கா நின்றார். பக்கத்தில் காலர் கிழிந்த அந்த மனிதர். ஐம்பது வயதிருக்கும்.

"தம்பி, இவரைக் குரூப்புல சேருங்க" என்றார் அக்கா.

"அக்கா, அது தெருக்காரங்க மட்டும். விதி ஒண்ணு..." என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். ஒரு மனித உயிர் என் வாசலில் நடுங்கிக்கொண்டு நிற்கிறது, நான் விதி ஒன்றைச் சொன்னேன்.

"நூறு பேரு கூடி இவரைப் பத்திப் பேசுறீங்க. இவரு இல்லாம எப்படிப் பேசுவீங்க? சேருங்க."

அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்துக் காட்டினார். அதில் வாட்ஸ்அப்புக்கு வழியில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அக்கா என்னிடம் திரும்பி, "அப்ப ஒங்க போனுல பேசட்டும்" என்றார். நான் குரல் பதிவை அழுத்தி அவர் வாயருகே நீட்டினேன். "நான்... நான்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

"அண்ணே, தெருவுக்குள்ள வாரப்ப எப்படிக் கூப்பிடுவீங்க? அதை மட்டும் கூப்பிடுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அந்தக் குரல் எழுந்தது. "முடியே... தலமுடியே... வாருன முடி, சேத்த முடி கொண்டாங்கம்மா..." அரை மணி நேரத்துக்கு முன்னால் நான் ஜன்னலைச் சாத்தியது இந்தக் குரலுக்குத்தான். விரலை எடுத்தேன். போய்விட்டது.

சில நொடிகளில் தெருவின் மேற்கே ஒரு வீட்டுக்குள்ளிருந்து அதே குரல் கேட்டது. அடுத்து எதிர்வீட்டில், அதற்கடுத்து மாடியில். ஒவ்வொரு போனிலும் "முடியே... தலமுடியே..." என்று முன்னும் பின்னுமாக. கதவுகள் திறந்தன. எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. அடுப்படியில் நின்றபடியே குரலைக் கேட்டு, சேர்த்த முடியைப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்புகிறவர்கள். படத்தைப் பார்த்து அவர்களும் பயந்துதான் போயிருந்தார்கள். குரலுக்குத்தான் ஆள் தெரிந்தது.

"ஐயோ, நம்ம முடிக்காரரு! எங்க வீட்டு இட்லித் தட்டு இவரு கொடுத்தது" என்றது ஒரு குரல். படத்தில் இருந்த பெண்ணின் அம்மா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே ஓடிவந்தாள். "நாந்தான்யா புள்ளைகிட்ட முடியைக் கொடுத்து விட்டேன்! எம் புள்ளைய யாருய்யா புடிச்சா? காலரைப் புடிச்சவன் எவன், முன்னால வா!" காலரைப் பிடித்தவன் என்று ஒருவரும் அங்கே இல்லை. ஐந்து நிமிடத்தில் கூட்டமே இல்லை. மில்காரர் தன் படத்தை அழித்துவிட்டார். கீழே நான் எழுதியது மட்டும், எதைப் பற்றி என்றே தெரியாமல், தனியாக நின்றது.

நானும் அழிக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார். "இருக்கட்டும். நான் எழுதுனதை அழிச்சீங்களே, தண்ணி வடிஞ்சிருச்சா? இந்தா, சறுக்கு காலடியில அப்படியேதான நிக்கிது. இதை மொதல்ல அவரு காதுல வாசிங்க."

மனைவி அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் டம்ளரைத் திருப்பிப் பார்த்து, "நம்ம டம்ளரு" என்றார். நான் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று முனகினேன். அவளும் அக்காவும் துடைப்பத்தோடு கோயில் பக்கம் போய், தெருவில் சிதறிய முடியைக் கூட்டி அள்ளி மூட்டையில் போட்டுக் கொடுத்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அந்த வாரமே சறுக்கை உடைத்தேன். கதவில் பாதி கிழியாமல் இருந்த அக்காவின் காகிதத்தைப் பார்த்து, என் மேலான புகாரை நானே குழுவில் போட்டேன். "சம்பந்தப்பட்டவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது" என்று போடும் முன், பொய்யாகிவிடக் கூடாதே என்று குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று எனக்கே ஒருமுறை வாசித்துக் காட்டினேன். ஆனால் முடிக்காரர் அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. குளியலறை அலமாரியில் மனைவி முடி சேர்க்கும் கவர் உப்பிக்கொண்டே போனது. "கவரு நெறஞ்சு போச்சு" என்பாள், என் முகத்தைப் பார்க்காமல்.

தை மாதத்தில் ஒருநாள் அக்கா வந்தார். "கெளம்புங்க. முடிக்காரருக்கு விராலிமலைக்குப் பக்கத்துல ஊரு. ஆளைக் கண்டுபிடிக்கிறதுதான் எனக்கு வேலையே, அப்படியும் ரெண்டு மாசம் ஆச்சு." பஸ்ஸில் போனோம். நான் ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு புதுச் சட்டை எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். அவர் தன் வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து முடியில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் மனைவி கதவருகே வந்து நின்றார். நான் பையை நீட்டினேன்.

"பழத்தை அப்பறம் கொடுக்கலாம். மொதல்ல வாசிங்க" என்றார் அக்கா.

போனை எடுத்தேன். ஐந்நூறு பேரை விசிலடித்து நிறுத்தியவனுக்கு ஒன்றரை வரி வாசிக்க நாக்கு எழவில்லை. "உறுதியாகத் தெரியவில்லை. இருந்தாலும்..." அங்கே நின்றுவிட்டேன். அந்த இருந்தாலும் என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. எப்படியோ மூச்சைப் பிடித்து மிச்சத்தை வாசித்தேன். அந்த நேரம் பார்த்துக் கூரைக்குப் பின்னால் ஒரு மயில் அலறியது.

"மயிலு கத்திருச்சு, கேக்கல. திரும்ப வாசிங்க தம்பி" என்றார் அக்கா.

முதலிலிருந்து, 'இவண், அட்மின்' வரை மறுபடி வாசித்தேன். முடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கையில் பாதி சிக்கெடுத்த முடி இருந்தது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது நிமிர்ந்தார்.

"உறுதியாத் தெரியலைன்னா என்னையவே கேட்டுருக்கலாமே தம்பி. நான் ஒங்க வாசல்ல நின்னுதான கூவிக்கிட்டு இருந்தேன். நீங்கதான ஜன்னலைச் சாத்துனீங்க?"

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது. திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்து, முடிக்காரர் சொன்னதைச் சொன்னபடியே குழுவில் எழுதினேன். கடைசியில் அக்கா எழுதுகிற இரண்டு சொற்களையும் சேர்த்தேன்: அதுவும் உண்மை.